துருப்பிடித்த நட்டும் நகராத போல்ட்டும்: சூடு வைத்துக் கழற்றுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலோர ஊரில் பட்டறை வைத்திருப்பவனுக்கு மாட்டுகிற வேலையை விடக் கழற்றுகிற வேலைதான் அதிகம். சைலன்சர் மாற்ற அரை மணி நேரம் என்றால் அதன் இரண்டு நட்டுகளைக் கழற்ற அரை நாள் போகும். உப்புக்காற்று அப்படி. இத்தனை வருடத்தில் பையன்களும் வாடிக்கையாளர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சில கேள்விகளுக்குப் பதில் நீளம், சிலவற்றுக்கு ஒரே வரி.

ஒரு நட்டு ஏன் இப்படிக் கல் மாதிரிப் பிடித்துக்கொள்கிறது?

இரும்பு துருவாக மாறும்போது இடத்தை அதிகம் கேட்கும். இருந்த இரும்பைப் போல இரண்டு மடங்குக்கும் மேலாகத் துரு பருக்கும். ஈரம் சேர்ந்த துரு இன்னும் அதிகம். போல்ட்டிலும் நட்டிலும் திருகாக ஓடும் வரிகளைத்தான் மரை என்கிறோம். மரைக்கும் மரைக்கும் நடுவே இருப்பதோ மயிரிழை இடைவெளி. அதற்குள் துரு ஊதினால் ஆப்பு அடித்த மாதிரிதான். போல்ட் ஏற்கெனவே இறுக்கத்தில் இழுபட்டு நிற்கிறது, அதற்கு மேல் இந்த ஆப்பு. அதனால்தான் முதலில் போட்ட பலத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு கொடுத்தாலும் அசைவதில்லை. அதற்கும் மேலே போனால் போல்ட்டே முறிந்துவிடுகிறது.

சூடு வைத்தால் என்ன நடக்கிறது? துரு எரிந்துவிடுமா?

எரியாது. துரு என்பதே ஏற்கெனவே எரிந்து முடிந்த இரும்பு மாதிரிதான்.

சூட்டில் உலோகம் விரிகிறது என்பதுதான் விஷயம். மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பட்டை மாட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இரும்புப் பட்டையை வறட்டி, விறகு அடுக்கிப் பழுக்கக் காய்ச்சுவார்கள். சாதாரணமாக மரச்சக்கரத்தில் ஏறவே ஏறாத பட்டை அப்போது தடையில்லாமல் உட்காரும். தண்ணீர் ஊற்றியதும் சுருங்கி மரத்தைக் கவ்விக்கொள்ளும். நாம் செய்வது அதையே தலைகீழாக.

கணக்கும் பார்த்துவிடலாம். சாதாரண எஃகு ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 12 பங்கு விரியும். 10 மி.மீ. நட்டை மட்டும் 200 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால் அதன் துளை 0.024 மி.மீ. பெரிதாகும். தலைமுடியின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு. இது ரொம்பக் குறைவாகத் தோன்றலாம். ஆனால் துருவுக்கு நெகிழ்வு கிடையாது, பீங்கான் போல நொறுங்கும். அந்த அளவு அசைந்தாலே பிடி விட்டுவிடும், எண்ணெய் நுழைய வழியும் கிடைக்கும்.

எதைச் சூடாக்க வேண்டும், நட்டையா போல்ட்டையா?

வெளியே இருப்பதைத்தான், அதாவது நட்டை. போல்ட் ஒரு பாகத்துக்குள் திருகியிருந்தால் அந்தப் பாகத்தில் துளையைச் சுற்றியுள்ள இடத்தைச் சூடாக்க வேண்டும். உள்ளே இருப்பது முடிந்தவரை குளிர்ச்சியாகவே இருக்கட்டும். நட்டைச் சூடாக்கும்போது போல்ட்டின் நீட்டிக்கொண்டிருக்கும் வாலில் ஈரத்துணி சுற்றிவைத்தால் வித்தியாசம் கூடும்.

இதனால்தான் வேகம் முக்கியம். சிறிய சுடரை வைத்துப் பத்து நிமிடம் காட்டிக்கொண்டிருந்தால் நட்டு, போல்ட், அடியிலுள்ள தகடு மூன்றும் ஒன்றாகச் சூடேறி ஒன்றாக விரியும். இடைவெளி பழையபடிதான் இருக்கும், கேஸ் தீர்ந்ததுதான் மிச்சம். சீக்கிரம் சூடாக்கி, சூடாக இருக்கும்போதே ஸ்பேனரைப் போடுங்கள்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. போல்ட்டின் தலை மட்டும்தான் வெளியே தெரிகிறது, சுற்றிலும் பெரிய வார்ப்பு என்றால் சுற்றுப்புறத்தைச் சூடாக்குவது நடக்காத காரியம். அப்போது போல்ட்டையே சூடாக்கலாம். சூட்டில் போல்ட் நீளும்: 50 மி.மீ. போல்ட் 150 டிகிரி ஏறினால் ஏறத்தாழ 0.09 மி.மீ. இறுக்கியபோது அது இழுபட்டிருந்ததே இந்த அளவை ஒட்டித்தான் இருக்கும். ஆகவே சூட்டில் பிடி கணிசமாகத் தளரும். பக்கவாட்டில் விரிய இடமில்லாமல் துருவையும் நசுக்கும். ஆனால் இந்த வழியில் போனால் முழுக்க ஆறவிட்டுத்தான் திருப்ப வேண்டும். சூட்டோடு திருப்பினால் தடித்த போல்ட்டை இறுகிய துளைக்குள் திருகுவதாகிவிடும்.

சூடு வைப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியது எதுவும் உண்டா?

நிறைய. சொல்லப்போனால் என் பட்டறையில் பாதி நட்டுகள் சூடு வரைக்கும் போவதே இல்லை.

முதலில் கம்பி பிரஷ். வெளியே தெரியும் மரையில் இருக்கும் துருவையும் மண்ணையும் தேய்த்து எடுக்காமல் நட்டைத் திருப்பினால், அந்தக் குப்பைக்குள்தான் அது ஏற வேண்டும். அப்புறம் துருவுக்குள் ஊடுருவும் எண்ணெய். டபிள்யூ.டி.40 கையில் இருந்தால் அதுவும் சரி, இல்லாவிட்டால் டீசல். முதல் நாள் மாலை விட்டு, இரவு இன்னொரு முறை விட்டு, காலையில் தொடுங்கள். இந்தப் பொறுமைதான் யாரிடமும் இல்லை.

அடுத்தது சுத்தியல். நட்டின் ஒரு பக்கத்தில் கனமான சுத்தியலை முட்டுக் கொடுத்து எதிர்ப்பக்கம் தட்ட வேண்டும். பலமாக ஒரு அடி வேண்டாம், நிதானமாக இருபது அடி. பிறகு கழற்றும் பக்கம் திருப்பாமல், இறுக்கும் பக்கம் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். ஒரு நூல் அசைந்தால் போதும், துருவின் பிடி உடைந்துவிட்டது என்று பொருள்.

ஸ்பேனர் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். ஆறு மூலை உள்ள பாக்ஸ்தான் போட வேண்டும். பன்னிரண்டு மூலை ரிங்கும், வாய் அகன்ற பழைய டி ஸ்பேனரும் நட்டை உருண்டையாக்கிவிடும். அதற்கப்புறம் சூடு வைத்தும் பயனில்லை, பிடிக்க மூலை இருக்காது.

இன்னொன்று: இடது மரையா என்று பாருங்கள். சைக்கிளின் இடது பெடல், பெஞ்ச் கிரைண்டரின் இடப்பக்க நட்டு, பழைய சில கனரக வண்டிகளின் இடப்பக்கச் சக்கர நட்டுகள் எல்லாம் எதிர்த்திசையில் கழலும். ஒரு முழு மதியம் சூடு வைத்து, பைப் மாட்டி, மூன்று பேர் தொங்கி இறுக்கிக்கொண்டிருந்த கதை என் பட்டறையிலேயே நடந்திருக்கிறது. பெயர் சொல்ல மாட்டேன், செய்தவன் நான்தான்.

எந்தச் சூட்டுக் கருவி வாங்கலாம்?

வேலையைப் பொறுத்தது. ஒன்றை மட்டும் முதலில் மனதில் வையுங்கள்: சுடரின் வெப்பநிலை வேறு, அது கொடுக்கும் வெப்பத்தின் அளவு வேறு. மெழுகுவர்த்திச் சுடரும் ஆயிரம் டிகிரிக்கு மேல்தான். அதை வைத்து ஒரு அண்டா தண்ணீரைக் காய்ச்ச முடியுமா?

ஹீட் கன் 500, 600 டிகிரி காற்றை ஊதும். துரு ஏறிய பெரிய நட்டுக்கு அது போதாது. ஆனால் மரையில் போட்ட பசை இளக, அலுமினிய மூடியை மெதுவாகச் சூடாக்க, பிளாஸ்டிக் பக்கத்தில் இருக்கும் இடத்தில் ஜாக்கிரதையாக வேலை செய்ய அதைப் போல ஒன்று இல்லை. நெருப்பு கிடையாது என்பதே பெரிய நிம்மதி.

கையடக்க பியூட்டேன் டார்ச் 6 மி.மீ., 8 மி.மீ. வரை சமாளிக்கும். பைக் வேலைக்குப் போதும். அதற்கு மேல் எல்.பி.ஜி. டார்ச். 12, 14 மி.மீ. நட்டுகள், கேட் கீல், பம்ப்செட் பிளாஞ்ச் எல்லாம் இதில் ஆகும். குறை என்னவென்றால் சுடர் அகலமானது. நட்டோடு சேர்த்து அக்கம்பக்கத்தையும் சுடும்.

ஆக்ஸி-அசிட்டிலின், அதாவது கேஸ் வெல்டிங் செட், 3,100 டிகிரியை எட்டும் கூரான சுடர். லாரியின் யு-போல்ட் நட்டைக்கூட ஒரு நிமிடத்தில் பழுக்க வைக்கும். வேகத்துக்கு ஈடு இல்லை, ஆனால் பழகாத கையில் நட்டு உருகி ஒழுகிவிடும். அசிட்டிலினை ஒரு கிலோ அழுத்தத்துக்கு மேல் ஓட்டக் கூடாது, தானாகவே சிதைந்து வெடிக்கும் தன்மை உள்ளது. ஆக்சிஜன் ரெகுலேட்டரில் எண்ணெய்க் கையைக்கூட வைக்கக் கூடாது. கிரீஸ் கையோடு எல்லாவற்றையும் தொடும் நம் தொழிலில் இதுதான் அடிக்கடி மறக்கும் விஷயம்.

கடைசியாக, இண்டக்‌ஷன் ஹீட்டர். சமையலறை இண்டக்‌ஷன் அடுப்பின் அதே தத்துவம். கைப்பிடியின் முனையில் ஒரு கம்பிச் சுருள், அதை நட்டின் மேல் வளையல் மாதிரி மாட்டி பொத்தானை அழுத்தினால் சுடரே இல்லாமல் நட்டு மட்டும் சிவக்கும். ஆயிரம் வாட் அளவுள்ள கருவியே 10, 12 மி.மீ. நட்டை அரை நிமிடத்தில் பழுக்க வைத்துவிடும். பக்கத்தில் இருக்கும் வயர், ரப்பர் புஷ், பெயின்ட் ஆகியவற்றுக்குச் சேதம் மிகக் குறைவு. சுருள் நட்டை உரசினால் அதன் மேலுறை கருகும், அவ்வளவுதான் பராமரிப்பு. அலுமினியம், பித்தளையில் இது எடுபடாது. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இதைக் கையாளவும் கூடாது, பக்கத்தில் நிற்கவும் கூடாது. விலை கொஞ்சம் கடிக்கும். ஆனால் வாரத்துக்கு நான்கு துரு நட்டைப் பார்க்கும் பட்டறை என்றால் என் யோசனை இதுதான்.

வீட்டுச் சமையல் சிலிண்டரில் டார்ச் மாட்டலாமா?

வேண்டாம். வீட்டு ரெகுலேட்டர் அடுப்புக்கான மிகக் குறைந்த அழுத்தத்தில்தான் வாயுவை விடும், டார்ச் சரியாக எரியாது. ரெகுலேட்டரை மாற்றி ஏதாவது செய்யப்போனால் ஆபத்து. தொழிலுக்கு வீட்டுச் சிலிண்டரைப் பயன்படுத்துவது சட்டப்படியும் தவறு.

எவ்வளவு சூடு? சிவக்க வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். முன்னே சொன்ன 200 டிகிரி வித்தியாசத்திலேயே பல நட்டுகள் வழிக்கு வந்துவிடும். துருவின் மேல் சூட்டைக் கண்ணால் கணிக்க முடியாது என்பதால், நட்டின் ஒரு முகத்தை அரத்தால் தேய்த்துப் பளபளப்பாக்கிக்கொள்ளுங்கள். அந்த இடம் சுமார் 220 டிகிரியில் வைக்கோல் நிறம் காட்டும், 280-இல் கத்தரிப்பூ நிறம், 300 வாக்கில் நீலம். நீலம் வந்ததும் ஸ்பேனரைப் போட்டுப் பாருங்கள். வரவில்லையா, ஆறவிட்டு இன்னொரு தடவை. ஒரே மூச்சில் கொளுத்துவதை விட, மூன்று முறை சூடாக்கி ஆறவிட்டால் நல்ல பலன் கிடைக்கும். ஒவ்வொரு முறை விரிந்து சுருங்கும்போதும் துரு கொஞ்சம் கொஞ்சமாக நொறுங்குகிறது.

நிழலில் மங்கலான சிவப்பு தெரியத் தொடங்கினால் 500 டிகிரியைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். நன்றாகச் செக்கச் சிவந்தால் 700-க்கு மேல். அது தூக்கியெறியப் போகும் நட்டுக்கு மட்டும். வெயிலில் நின்று சூடு வைத்தால் இந்தச் சிவப்பு தெரியாது, 600 டிகிரியில் இருப்பதைக் கறுப்பு என்று நினைத்துத் தொட்டுவிடுவீர்கள்.

மெழுகுவர்த்தி வைத்தியம் உண்மையா?

உண்மைதான். எனக்கே இது முதலில் பாட்டி வைத்தியமாகத்தான் பட்டது. நட்டைச் சூடாக்கி, சுடரை எடுத்துவிட்டு, மெழுகுவர்த்தியை மரை தொடங்கும் இடத்தில் வைத்தால் மெழுகு உருகி உள்ளே இழுபடும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிறதே, அதே கதை. உருகிய மெழுகு தண்ணீர் மாதிரி நீர்த்திருக்கும், நல்ல வழவழப்பும் கொடுக்கும். ஸ்ப்ரே எண்ணெயைச் சூட்டின் மேல் அடித்தால் குபீரென்று தீப்பிடிக்கும். மெழுகு கொஞ்சம் புகையும், அவ்வளவுதான். ஆனால் நட்டு சிவந்திருக்கும்போது மெழுகும் எரியும். கறுப்புச் சூட்டில் வையுங்கள்.

சூடாக்கிவிட்டு உடனே தண்ணீர் ஊற்றலாமா?

சாதாரண மைல்ட் ஸ்டீல் போல்ட், அதுவும் மாற்றப் போவது என்றால் ஊற்றலாம். திடீர்ச் சுருக்கம் துருவை நன்றாகவே உடைக்கும். உயர்பலப் போல்ட்டில் கூடாது. நன்றாகச் சிவந்த நிலையில், சுமார் 730 டிகிரிக்கு மேல், தண்ணீர் பட்டால் கார்பன் அதிகமுள்ள எஃகு கண்ணாடி மாதிரிக் கடினமாகிவிடும். அப்புறம் அது முறிந்தால் துளை போடும் டிரில் பிட்கூட இறங்காது. வார்ப்பிரும்பு பக்கம் தண்ணீரைக் கொண்டுபோகவே கூடாது, விரிசல் நிச்சயம். பழைய பம்ப் பாடியைச் சூடாக்க நேர்ந்தால் அகலமாக, மெதுவாகச் சூடாக்குங்கள். வேலை முடிந்ததும் உலர்ந்த மணலாலோ சாம்பலாலோ மூடி மெதுவாக ஆறவிடுங்கள்.

பைக் சைலன்சர் நட்டு வரவே மாட்டேன் என்கிறது. ஸ்டட் உடைந்துவிடுமோ என்று பயம். என்ன செய்வது?

பயம் நியாயம்தான். எனக்கு வரும் கேள்விகளில் பாதி இதுதான்.

அங்கே மூன்று பொருள்கள் இருக்கின்றன: எஃகு நட்டு, எஃகு ஸ்டட் (தலையில்லாத, இரு முனையிலும் மரை உள்ள போல்ட்), ஸ்டட் திருகியிருக்கும் இன்ஜினின் அலுமினிய ஹெட். நட்டுக்கும் ஸ்டட்டுக்கும் நடுவே சிவப்புத் துரு. ஸ்டட்டுக்கும் அலுமினியத்துக்கும் நடுவே வெள்ளைப் பொடி, அதாவது அலுமினியத்தின் துரு. இரண்டு வேறு உலோகங்கள் உப்பு ஈரத்தில் ஒட்டியிருந்தால் அலுமினியம் தன்னைக் கரைத்துக்கொள்ளும். கடலோரத்தில் இது இன்னும் வேகம்.

முதலில் பெட்ரோல் டேங்க்கை இறக்கிவிடுங்கள். மூடி இருந்தால் போதும் என்று சொல்பவர்கள் பேச்சைக் கேட்க வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றை விடக் கனமானது, தரையோடு தவழ்ந்து வந்து சுடரைத் தேடிப் பிடிக்கும். பேட்டரி இணைப்பையும் கழற்றிவிடுங்கள். இரண்டு நாள் எண்ணெய் ஊறிய பிறகு, எண்ணெய் மிச்சத்தைத் துடைத்துவிட்டு, நட்டை மட்டும் குறி வைத்து வேகமாகச் சூடாக்குங்கள். சிறிய கூரான சுடர் அல்லது இண்டக்‌ஷன். நீலம் வந்ததும் மெழுகு, பிறகு பாக்ஸ். கால் சுற்று வந்தால் அரைக்கால் சுற்று திரும்பப் போங்கள், மறுபடி முன்னே. முன்னும் பின்னுமாகத்தான். கை எதிர்ப்பை உணராமல் ரப்பர் முறுக்குவது மாதிரித் தெரிந்தால் உடனே நிறுத்துங்கள். அது நட்டு கழல்வதல்ல, ஸ்டட் முறுக்கிக்கொண்டிருக்கிறது.

நட்டோடு சேர்ந்து ஸ்டட்டே வெளியே வந்துவிட்டால் கவலைப்படாதீர்கள், அது அதிர்ஷ்டம். மரை நன்றாக இருந்தால் புது ஸ்டட் போட்டுவிடலாம்.

ஸ்டட்டையே கழற்ற வேண்டுமென்றால் கதை மாறுகிறது. இப்போது சூடு அலுமினியத்துக்கு. அலுமினியம் எஃகைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். 8 மி.மீ. ஸ்டட்டைச் சுற்றி 120 டிகிரி ஏற்றினாலே நூறில் ஒரு மி.மீ. இடைவெளி திறக்கும். அவ்வளவு போதும். ஆனால் அலுமினியம் சிவந்து எச்சரிக்கை செய்யாது. அமைதியாகச் சூடேறி, திடீரென்று சரிந்துவிடும். 200 டிகிரியைத் தாண்டினால் அதன் பலமும் குறையத் தொடங்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள்: சீறி ஆவியானால் சரி, முத்து மாதிரி உருண்டு ஓடினால் அதிகமாகிவிட்டது. அலுமினியம் சூட்டை எஃகை விட மூன்று நான்கு மடங்கு வேகமாகப் பரப்பும் என்பதால் சுடரை ஒரே இடத்தில் நிறுத்தாமல் சுற்றிச் சுற்றிக் காட்டுங்கள். பிறகு ஸ்டட்டில் இரண்டு நட்டைப் போட்டு ஒன்றோடொன்று இறுக்கி, உள்நட்டில் ஸ்பேனர் போட்டுத் திருப்புங்கள்.

மரை போய்விட்டால்? லேத் பட்டறையில் ஹெலிகாயில், அதாவது புது மரையாக அமையும் கம்பிச்சுருள் போட்டுக் கொடுப்பார்கள். பழைய மரையை விட உறுதியாகவே இருக்கும்.

ஸ்டெயின்லெஸ் போல்ட் பிடித்துக்கொண்டது. அதற்கும் இதே வழிதானா?

ஸ்டெயின்லெஸ் பெரும்பாலும் துருவால் பிடிப்பதில்லை. இறுக்கும்போதே மரைகள் உரசி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதைச் சூட்டால் பிரிப்பது கடினம். எண்ணெய் விட்டு மிக மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். இல்லாவிட்டால் வெட்டுங்கள். மெஷினில் வேகமாகக் கழற்ற முயன்றால் இன்னும் ஒட்டும்.

மரையில் லாக்டைட் (நட்டு தளராமல் பிடிக்கும் பசை) போட்டிருக்கிறார்கள். சூடு வேண்டுமா?

நீல ரகம் கை ஸ்பேனருக்கே வரும். சிவப்பு ரகத்துக்குச் சூடு வேண்டும். 250 டிகிரி வரை ஏற்றினால் பசை இளகும், சூடாக இருக்கும்போதே கழற்றிவிட வேண்டும். ஆறவிட்டால் பழையபடி பிடிக்கும். துருவுக்கு மூன்று முறை சூடாக்கி ஆறவிடுவது நல்லது என்றேன், இங்கே அது பொருந்தாது. நைலான் வளையம் வைத்த நட்டைச் சூடாக்கினால் நைலான் உருகி மரையில் ஒட்டும். கழற்ற எளிதுதான், ஆனால் அந்த நட்டு குப்பைக்கு.

லாரி சக்கர நட்டு வரவில்லை. டயர் மாட்டியபடியே சூடு வைக்கலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் வேறு எதையும் நீங்கள் நினைவில் வைக்காவிட்டாலும் இதை வையுங்கள்.

ரிம்மிலோ நட்டிலோ வைக்கும் சூடு டயரின் உட்பக்க ரப்பருக்குப் போகிறது. ரப்பர் சிதைந்து எரியக்கூடிய வாயுவை விடுகிறது. உள்ளே காற்றும் இருக்கிறது, இடமோ மூடியது. அது பற்றிக்கொண்டால் ஏற்படும் அழுத்தம், டயரின் சாதாரண அழுத்தத்தைப் போலப் பல மடங்கு. வெளியே எந்த அறிகுறியும் தெரியாது. சுடரை அணைத்து வெகு நேரம் கழித்தும் டயர் வெடித்து ஆட்கள் இறந்திருக்கிறார்கள். காற்றைப் பிடுங்கிவிட்டால் சரிதானே என்று கேட்பார்கள். காற்று இறக்கிய டயருக்குள்ளும் காற்று இருக்கத்தான் செய்கிறது, அதனால் முழுப் பாதுகாப்பு இல்லை.

நீளமான பைப், ஏர் இம்பாக்ட் கன், பல்சக்கரம் வைத்த வீல் ஸ்பேனர், எதுவும் முடியாவிட்டால் நட்டை உளியாலோ நட்டு உடைக்கும் கருவியாலோ பிளப்பது. இவைதான் வழி.

வேறு எங்கெல்லாம் சூடு வைக்கவே கூடாது?

ஷாக் அப்சார்பர், டிக்கியைத் தூக்கும் கேஸ் கம்பி, பழைய பேரல் என்று மூடிய எதுவானாலும் கூடாது. உள்ளே இருக்கும் எண்ணெயும் காற்றும் விரிய இடமில்லாமல் வெடிக்கும். பேட்டரி பக்கத்தில் கூடாது, சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும். ஏர்பேக் உள்ள ஸ்டியரிங்கில் கூடாது. பிரேக் ஹோஸ், பேரிங், ரப்பர் பூட் இருக்கும் இடத்தில் இண்டக்‌ஷன் தவிர வேறெதையும் நான் எடுப்பதில்லை. மக்னீசியம் கலந்த கேசிங்கில் சுடரே வேண்டாம். அது பற்றினால் தண்ணீர் ஊற்றுவதும் நெருப்பை வளர்க்கும்.

பலருக்குத் தெரியாத ஒன்று கான்கிரீட். மோட்டார் அடித்தளத்தில் புதைத்த போல்ட்டைச் சூடாக்கும்போது சுடர் கான்கிரீட்டில் பட்டால், அதற்குள் இருக்கும் ஈரம் ஆவியாகிச் சில்லுகள் துப்பாக்கிக் குண்டு மாதிரித் தெறிக்கும். நடுவில் ஒரு தகடு வையுங்கள். கண்ணாடி அணிவது எப்போதுமே கட்டாயம்.

புகையால் ஆபத்து உண்டா?

உண்டு. நெருப்பை விட இதைத்தான் நம் ஆட்கள் அலட்சியமாக விடுகிறார்கள்.

ஜி.ஐ. போல்ட்டின் துத்தநாகப் பூச்சு 419 டிகிரியில் உருகும். இன்னும் சூடேறினால் வெள்ளைப் புகை. சுவாசித்தால் அன்று இரவு குளிர் காய்ச்சல், உடம்பு வலி, வாயில் உலோகச் சுவை. வழக்கமாக ஒருநாளில் தணியும். பால் குடித்தால் சரியாகும் என்பது வெல்டர்களின் பழைய நம்பிக்கை, ஆனால் பால் போவது வயிற்றுக்கு, புகை போனது நுரையீரலுக்கு. காற்றோட்டம்தான் மருந்து. பூச்சை முதலிலேயே தேய்த்து எடுப்பது இன்னும் நல்லது. தங்க மஞ்சள் நிறப் பழைய போல்ட்டாக இருந்தால் சுடரே வேண்டாம். அது கேட்மியம் பூச்சாக இருக்கலாம், அதன் புகை ஆளையே கொல்லும்.

பிரேக் கிளீனர் ஸ்ப்ரே சிலவற்றில் குளோரின் கலந்த கரைப்பான் இருக்கிறது. அதை அடித்த இடத்தில் சுடரோ வெல்டிங்கோ பட்டால் பாஸ்ஜீன் உருவாகலாம். முதல் உலகப் போரில் ஆட்களைக் கொல்ல விட்ட அதே வாயு. டப்பாவின் பின்னால் படித்துப் பாருங்கள். சூடு வைக்கப்போகும் இடத்தை சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிடுவதே உத்தமம். வைட்டான் ரக ஆயில் சீல், ஓ-ரிங் எரிந்து பிசுபிசுவென்று கிடந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள். அதில் ஹைட்ரோபுளோரிக் அமிலம் இருக்கக்கூடும், எலும்பு வரை போகும்.

போல்ட் தலை முறிந்துவிட்டது. இனி?

கொஞ்சமாவது வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதன் மேல் ஒரு நட்டை வைத்து, நடுத் துளைக்குள் வெல்டிங் அடித்து நிரப்புங்கள். இங்கே வெல்டிங்கின் பலத்தை விட அதன் சூடுதான் பாதி வேலையைச் செய்கிறது. போல்ட் சிவந்து விரிந்து, ஆறும்போது சுருங்கி, துருவை விட்டு விலகும். தொடுகிற சூட்டுக்கு வந்ததும் திருப்புங்கள். முதல் முறை வெல்டிங் விட்டுப்போனால் மறுபடி அடியுங்கள். ஐந்தாவது நட்டில் வந்ததெல்லாம் உண்டு. அலுமினியத்தில் வெல்டிங் ஒட்டாது என்பது இங்கே நமக்குச் சாதகம்.

உள்ளேயே முறிந்திருந்தால் நடுவில் துளை போட்டு எடுக்க வேண்டும். அது தனி வித்தை, கை நடுங்காதவரிடம் கொடுத்துவிடுங்கள். முறிந்த போல்ட்டைத் திருகி எடுக்கும் எக்ஸ்ட்ராக்டரைத் துளைக்குள் முறித்துவிட்டு என்னிடம் வருகிறவர்கள் நிறைய. அந்த எக்ஸ்ட்ராக்டர் போல்ட்டை விடக் கடினமான எஃகு என்பதை முறிந்த பிறகுதான் யோசிக்கிறார்கள்.

சூடு வைத்துக் கழற்றிய போல்ட்டைத் திரும்பப் போடலாமா?

தலையில் 8.8, 10.9, 12.9 என்று எண் இருக்கிறதா பாருங்கள். இவை சூடாக்கி, தணித்து, மறுபடி சுமார் 425 டிகிரி அல்லது அதற்கு மேல் பதமாக்கிப் பலம் ஏற்றியவை. நீங்கள் அந்தச் சூட்டைத் தாண்டினால் பதம் போச்சு. பார்க்க அப்படியேதான் இருக்கும், பிரேக்கிலோ சஸ்பென்ஷனிலோ ஒருநாள் கைவிடும். என் பட்டறை விதி எளிது: சுடர் பட்டது எதுவும் திரும்ப ஏறாது, நட்டும் சேர்த்து.

மறுபடி பிடிக்காமல் இருக்க என்ன தடவலாம்?

செம்புத்தூள் கலந்த ஆன்டி-சீஸ் பசை, சைலன்சர் மாதிரிச் சூடான இடத்துக்கு. சாதாரண கிரீஸ் அங்கே கருகிப் போகும். அலுமினியத்தில் ஏறும் ஸ்டட்டுக்கு நிக்கல் அல்லது அலுமினியத்தூள் ரகம் நல்லது. பசை தடவினால் உராய்வு குறையும், அதனால் வழக்கமான டார்க் (இறுக்கும் முறுக்கு விசை) வைத்தால் போல்ட் தேவைக்கு மேல் இழுபடும். கொஞ்சம் குறைத்து இறுக்குங்கள். சக்கர நட்டுக்கு மட்டும் தடவாதீர்கள், தயாரிப்பாளர் சொன்னால் தவிர.

ஒரு நட்டோடு எவ்வளவு நேரம் மல்லுக்கட்டலாம்?

எண்ணெய்க்கு ஒரு இரவு, சூட்டுக்கு மூன்று முறை. அதற்கு மேல் நான் கிரைண்டரை எடுத்துவிடுவேன். புது நட்டு ஒரு டீ விலைக்குக் கிடைக்கும். நட்டின் ஒரு முகத்தில், போல்ட் மரையைத் தொடாதபடி, முக்கால்வாசி ஆழத்துக்கு வெட்டுங்கள். அந்தப் பள்ளத்தில் உளியை வைத்து ஒரு தட்டு தட்டினால் நட்டு வாய் பிளந்து கழன்று விழும். மரையில் லேசான கீறல் இருந்தால் மரை வெட்டும் டை போட்டு ஓட்டிச் சரிசெய்துகொள்ளலாம்.